புன்டா சாண்டியாகோவின் கூரைகள்

நியூஜெர்சியில் உள்ள எங்கள் திருச்சபையின் வாலிபர் ஐக்கியம் 2019ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரைக்கு மிஷன் பயணம் சென்றது. உடன் சென்ற பெரியவர்களில் நானும் ஒருவன். நாங்கள் தங்கிய ஊரின் பெயர் புன்டா சாண்டியாகோ. உமக்காவோ நகராட்சியைச் சேர்ந்த மீனவர் குடியிருப்பு அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஒரு காலத்தில் கரும்பு வயலாக இருந்து இப்போது இயற்கைக் காப்பகமாகிவிட்ட காயல்கள், நடுவில் மூன்றாம் எண் நெடுஞ்சாலை. வீடுகள் பெரும்பாலும் ஒரு தளம் கொண்டவை, நெருக்கமாகக் கட்டப்பட்டவை. தெருவில் பேசப்படுவது ஸ்பானிய மொழி. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் புறப்படும் வரை இது வேறு நாடு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு நாடு அன்று. 1898ஆம் ஆண்டுப் போரில் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறிய தீவு. 1917 முதல் அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆயினும் தீவில் வசிக்கும் வரை அவர்கள் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. பாஸ்போர்ட் தேவையில்லை என்று நாங்கள் சொன்னபோது பிள்ளைகளுக்கு வந்த வியப்பு, வாக்குரிமை இல்லை என்று அறிந்தபோது இன்னும் கூடியது. பயணத்துக்கு முன் சபையில் நடந்த ஆயத்த வகுப்புகளில் அவர்களை உண்மையிலேயே பேச வைத்தது இந்த ஒரு செய்திதான். கொசுவிரட்டி, தடுப்பூசி, பெரியவர்கள் அனைவருக்குமான பின்னணிச் சோதனை, பெற்றோர் கையெழுத்து ஆகியவை வழக்கம்போல நடந்து முடிந்தன.

2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் கரையைக் கடந்த இடம் யபுக்கோவா. உமக்காவோவுக்குத் தெற்கே அடுத்த ஊர். மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய அந்தக் காற்றோடு கடலும் எழுந்து வந்தது. உமக்காவோ, நகுவாபோ, செய்பா கரைகளில் தரைமட்டத்துக்கு மேல் ஆறு முதல் ஒன்பது அடி வரை நீர் ஏறியதாகப் பின்னாளில் அமெரிக்கப் புயல் மையத்தின் அறிக்கை கணித்தது. புன்டா சாண்டியாகோவில் கடல்நீர் ஒரு பக்கத்திலிருந்தும் காயல்நீர் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்து கூடியது. சில நாள்கள் கழித்து அவ்வூர் மக்கள் தெருச் சந்திப்பில் பெரிய வெள்ளை எழுத்துகளில் "எஸ்.ஓ.எஸ்., தண்ணீரும் உணவும் வேண்டும்" என்று எழுதி வைத்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. மறு ஆண்டு அதே இடத்தில், தண்ணீரும் உணவும் கிடைத்துவிட்டன, நல்வரவு என்று புதிதாக எழுதினார்கள். முதல் படம் பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

இறந்தவர்கள் 64 பேர் என்றே அரசு பல மாதங்கள் சொல்லிவந்தது. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளிவந்த பிறகு அந்த எண் 2,975 என்று திருத்தப்பட்டது. பெரும்பாலானோரைக் கொன்றது காற்றோ வெள்ளமோ அல்ல; பின்தொடர்ந்த மாதங்களில் மின்சாரமும் மருந்தும் மருத்துவமனையும் இல்லாமல் போனதே. தீவு முழுவதற்கும் மின்சாரம் திரும்ப ஏறக்குறைய பதினொரு மாதங்கள் ஆயின. நாங்கள் சென்றபோது புயல் அடித்து இரண்டு ஆண்டுகள் ஆகப் போகின்றன. விமானம் தாழ இறங்குகையில் ஜன்னல் வழியே நீலநிறத் தார்ப்பாய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூரைகளின்மேல் இன்னும் தெரிந்தன.

எங்களை அழைத்த உள்ளூர்ச் சபை, எங்களுக்கான வேலையை முன்னமே தீர்மானித்து வைத்திருந்தது: கூரைக்கு நீர்க்காப்புப் பூச்சு. ஜெபக்கூட்டம் நடத்துவதோ தெருவில் பாடுவதோ கைப்பிரதி கொடுப்பதோ அவர்கள் பட்டியலில் இல்லை. "பாடுவதற்கு எங்களிடம் ஆட்கள் உண்டு" என்று அந்தச் சபையின் போதகர் அம்மா, தொலைபேசியில் பேசிய முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

கூரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே எல்லாமே கூரையைச் சுற்றித்தான் இருந்தது. மரச்சட்டத்தின்மேல் தகரம் அடித்த வீடுகளைப் புயல்கள் அடிக்கடி உரித்து எறிந்துவிட்டதால், கையில் பணம் சேரச் சேரக் கான்கிரீட் தளம் போடுவதே தீவு மக்களின் வழக்கம். 1998இல் ஜார்ஜஸ் புயல் கரை கடந்ததும் இதே உமக்காவோ அருகில்தான். அதற்குப் பிறகு தகரத்தை விட்டுத் தளத்துக்கு மாறியவர்கள் பலர் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். காற்றைக் கான்கிரீட் தாங்கும். உப்பை அது தாங்காது. கடற்காற்றின் ஈரம் மயிரிழை விரிசல்கள் வழியே உள்ளிறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது, துருப்பிடித்த கம்பி பருத்து மேற்பூச்சைத் தள்ளுகிறது, விரிசல் அகலமாகிறது, மழைநீர் தளத்தின்மேல் தேங்கி நிற்கும் இடத்தில் அது ஒழுகலாகிறது. பிறகு உட்சுவரில் பூஞ்சணம், குழந்தைகளுக்கு இளைப்பு, நனைந்து பாழாகும் மெத்தை. புயலுக்குத் தப்பிய வீடு மழைக்குத் தோற்கும் விதம் இது.

எங்களுக்கு வேலை கற்றுத்தந்த மேஸ்திரி அறுபது வயதைக் கடந்தவர், அதே சபையைச் சேர்ந்தவர். முதல் வீட்டின் தளத்தில் ஏறியதும் அவர் தூரிகையைத் தொடவில்லை. சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நடந்தார். நல்ல இடத்தில் ஓசை கெட்டியாக வந்தது. மேற்பூச்சு விட்டுப்போன இடத்தில் உள்ளே காற்று இருப்பதைக் காட்டும் பொள்ளலான ஓசை. பொள்ளல் கேட்ட இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டார். பிறகு எங்கள் பையன்களில் ஒருவனிடம் சுத்தியலைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொன்னார். அவன் தவறவிட்ட இடங்களை மறுபடி தட்டச் சொன்னார். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம், எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்பானியம் பள்ளிப்பாட அளவு. அந்தப் பாடத்துக்கு இரண்டுமே தேவைப்படவில்லை.

அடுத்தது கழுவுதல். அழுத்த நீரைப் பீய்ச்சும் எந்திரத்தால் கரும்பாசியும் பழைய பூச்சின் செதிள்களும் நீங்கும் வரை தளத்தைத் தேய்த்துக் கழுவி, மழைநீர் வடியும் துளைகளில் அடைத்திருந்த இலைக்குப்பையைக் கையால் எடுத்து, முழுவதும் காயவிட வேண்டும். காய்ந்த பின் விரிசல்களைச் சுரண்டி அகலப்படுத்தி, அடைப்புச் சாந்து பூசி, அதன்மேல் வலைத்துணி பதித்து, மறுபடி சாந்து பூச வேண்டும். அதன் பிறகுதான் பிரைமர், கடைசியாக ரப்பர்போல இழுபடும் வெள்ளைப் பூச்சு இரண்டு முறை. முதல் பூச்சு கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்குத் தெற்காக. ஐந்து கேலன் வாளிகளை ஏணியில் ஏற்றுவதே தனி வேலை. இவ்வளவுக்கும் நடுவில் பிற்பகல் மழை வந்துவிடக் கூடாது. கோடையில் அங்கே பிற்பகல் மழை வராத நாள் குறைவு. ஆகையால் விடியற்காலையிலேயே தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் முடித்துக்கொண்டு இறங்கினோம். வெள்ளைப் பூச்சின்மேல் பத்து மணி வெயில் பட்டால் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி கொண்டுவராதவர்கள் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலை செய்தார்கள்.

பிள்ளைகளில் ஒருத்தி, ஸ்பானியம் பேசும் டொமினிக்கன் குடியரசைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து யாரோடும் அதிகம் பேசாதவள். அங்கே போன இரண்டாம் நாளிலிருந்து அவள் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்காரர் என்ன கேட்கிறார், மேஸ்திரி எதற்குக் கோபப்படுகிறார், கடையில் எந்தப் பிரைமர் வாங்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிட்டோம். அவள் பேச்சில் உள்ள டொமினிக்கன் வழக்குகளை வைத்து ஊர்ப் பெண்கள் கேலி செய்ததும், அவள் பதிலுக்குக் கேலி செய்ததும் எங்களில் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. புரியாமல் நிற்கும் முறை அந்த ஒரு வாரத்துக்கு எங்களுடையதாக இருந்தது. அது மற்றப் பிள்ளைகளுக்கு நல்லதென்றே நினைத்தேன்.

பல வீடுகள் இரண்டு ஆண்டுகளாகியும் சரிசெய்யப்படாமல் கிடந்ததற்கான காரணத்தை அங்கேதான் விளங்கிக்கொண்டேன். தாத்தா வாங்கிய மனையில் மகன் ஒரு வீடு, பேத்தி ஒரு வீடு என்று கட்டிக்கொண்டு தலைமுறைகளாக வாழ்கிறார்கள். சொத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்ற சட்டம் தீவில் இல்லாததால் பத்திரம் யார் பேரிலும் மாற்றப்படவில்லை. புயலுக்குப் பிறகு கூட்டரசின் பேரிடர் உதவி முகமையான ஃபீமா, வீடு உங்களுடையது என்பதற்கு ஆவணம் காட்டுங்கள் என்று கேட்டது. காட்ட முடியாதவர்களின் விண்ணப்பங்கள் பெருமளவில் தள்ளுபடியாயின. ஆவணம் இல்லாதவர்கள் உறுதிமொழி கொடுத்தாலே போதும் என்று ஃபீமா தன் விதியை விரிவாகத் தளர்த்தியது 2021 செப்டம்பரில்தான். தென்மாவட்டத்துக் கிராமங்களில் கூட்டுப்பட்டா விவகாரம் பார்த்து வளர்ந்த எனக்கு இதை யாரும் இரண்டு முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளுக்கு விளக்கத்தான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

படம் எடுப்பதைப் பற்றிப் போதகர் அம்மா ஒரே ஒரு விதி வைத்தார். வீட்டுக்காரரிடம் கேட்காமல் வீட்டின் உள்ளே படம் எடுக்கக் கூடாது. கேட்டு எடுத்தாலும் ஒழுகலையும் பூஞ்சணத்தையும் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. தெருவில் எழுதிய எழுத்தை உலகமே பார்த்துவிட்ட ஊர் அது. இன்னும் ஒருமுறை காட்சிப்பொருளாக அவர்களுக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கீழ்ப்படிந்தார்கள். நான் பார்த்த மிஷன் பயணங்கள் பலவற்றில் இந்த ஒரு விதி இருந்திருந்தால் பாதிக் குறை நீங்கியிருக்கும்.

பிற்பகல்களில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. நியூஜெர்சியில் நாங்கள் வாரக்கணக்கில் தயாரித்துக் கொண்டுபோன பாடத்திட்டம் பெட்டியிலேயே இருந்தது. அவர்களுக்குத் தங்கள் ஆசிரியைகளும் பாடங்களும் தின்பண்டப் பொறுப்பாளரும் முன்பே உண்டு. எங்கள் பிள்ளைகளின் வேலை காகிதம் வெட்டுவது, பசை கொடுப்பது, சின்னப் பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துச் செல்வது. அங்குள்ள சிறுவர்கள் சபைக்குள் நுழைந்ததும் பெரியவர் ஒவ்வொருவரிடமும் சென்று "பென்டிசியோன்" என்று ஆசி கேட்பார்கள்; அவர் "தியோஸ் தெ பென்டிகா", கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக என்று சொன்ன பிறகுதான் ஓடிப்போய் உட்காருவார்கள். வீட்டிலும் அப்படித்தான், தொலைபேசியிலும் அப்படித்தான். வாரக் கடைசியில் எங்கள் பையன்கள் சிலர் மேஸ்திரியைப் பார்த்ததும் அதே சொல்லைச் சொல்லி நின்றார்கள். அவரும் கையில் பூச்சுத் தூரிகையோடு ஆசி சொன்னார்.

ஞாயிறு ஆராதனை இரண்டரை மணி நேரம். குயிரோ என்னும் சுரைக்குடுக்கை வாத்தியத்தைக் குச்சியால் உரசி ஒருவர் தாளம் போட, தம்பூரின்களோடு பெண்கள் எழுந்து நின்று குறும்பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றிப் பாடினார்கள். பின்னர் மீன்பிடித் துறையருகே ஐக்கிய விருந்து: துவரையோடு சமைத்த சோறு, தட்டையாக நசுக்கிப் பொரித்த வாழைக்காய், வறுத்த மீன். இந்தியாவில் தோன்றி, ஆப்பிரிக்கா வழியாக அடிமை வணிகக் காலத்தில் கரீபியத் தீவுகளை அடைந்த துவரையை, அவர்கள் பருப்பாக உடைக்காமல் பசுமையான முழு மணிகளாகவே சோற்றில் போடுகிறார்கள். எங்கள் குழுவில் இருந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் அதைச் சாம்பாரின் உறவினராக அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அந்தத் துறையில் நின்று பார்த்தால் கடலில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் சிறு தீவொன்று தெரியும். காயோ சாண்டியாகோ என்று பெயர். ஊரார் குரங்குத் தீவு என்கிறார்கள். 1938ஆம் ஆண்டு கிளாரன்ஸ் கார்ப்பென்டர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 400 செம்முகக் குரங்குகளைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே விட்டார். நம் ஊர் நாட்டுக் குரங்குகள் அல்ல, வட இந்தியாவில் காணப்படும் இனம். அவற்றின் வழித்தோன்றல்கள்தாம் இன்றும் அங்கே வாழ்கின்றன. ஆராய்ச்சி நிலையத்தின் ஊழியர்களில் பலர் புன்டா சாண்டியாகோவைச் சேர்ந்தவர்கள். மரியா புயல் தீவின் மரங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. நிழல் குறைந்த பிறகு குரங்குகள் ஒன்றையொன்று விரட்டுவதைக் குறைத்துக்கொண்டு, முன்பைவிட அதிகமான துணைகளோடு சேர்ந்து உட்கார்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னர் எழுதியிருக்கிறார்கள். தீவில் இறங்கப் பார்வையாளருக்கு அனுமதி கிடையாது. நாங்கள் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. குரங்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

இனி, இத்தகைய பயணங்கள் குறித்து எப்போதும் எழும் கேள்விக்கு வருகிறேன். விமானக் கட்டணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும் பணத்தை அப்படியே அந்தச் சபைக்கு அனுப்பினால், உள்ளூர்க் கூலியாட்களை வைத்து எங்களால் முடிந்ததைவிட அதிகக் கூரைகளை, அதுவும் நன்றாக, பூசியிருப்பார்களே என்பது அந்தக் கேள்வி. கணக்கு சரியானது. அதை மறுக்கும் போதகர்களோடு நான் உடன்படுவதில்லை. பிள்ளைகளின் வேலைத்திறன் சுமார்தான். மேஸ்திரி தனியாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் விரிசல் வேலை எங்கள் கையில் ஒரு காலைப்பொழுதைத் தின்றது. பயணம் நம் பிள்ளைகளை மாற்றுகிறது என்ற பதிலும் எனக்குப் போதாது. இன்னொருவரின் ஒழுகும் வீட்டை நம் பிள்ளைகளின் குணப்பயிற்சிக்கூடமாக்குவது அந்த வீட்டுக்காரருக்கு மரியாதை அல்ல.

இதை நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவனாகவும் பார்க்கிறேன். நாங்கள் மிஷனெரிகளைப் பெற்றுக்கொண்ட மக்கள். புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் கைக்கு வந்ததும் புராட்டஸ்டன்ட் சபைகள் தீவை வட்டாரங்களாகத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. உமக்காவோ உள்ளிட்ட கிழக்குப் பகுதி காங்கிரிகேஷனல் சபையாருக்குப் போனது. அதே மரபைச் சேர்ந்த அமெரிக்கர்கள்தாம் 1834இல் மதுரைக்கும் வந்தார்கள். வந்தவர்கள் பள்ளியும் மருத்துவமனையும் கட்டினார்கள், உண்மை. ஆனால் யார் எஜமான் என்ற கேள்வி எப்போதும் அறையில் இருந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர், 1910ஆம் ஆண்டு எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் மேற்கத்தியர் நிறைந்த அவையின் முன் நின்று அதை வாய்விட்டுச் சொன்னார். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் கேட்டதன் சாரம். அவையில் பலருக்கு அது கசந்தது.

நண்பர் என்றால் அவர் நம் வீட்டுக்கும் வர வேண்டும். அந்த வகையில், 2019 பயணத்தில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்த ஆண்டுக்காகப் போடப்பட்ட ஏற்பாடுதான்: அவர்கள் வாலிபர்கள் எங்களிடம் வந்து, எங்கள் சபையின் உணவு வங்கியில் ஸ்பானியம் பேசும் குடும்பங்களோடு வேலை செய்வது. 2020இல் பெருந்தொற்று வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. பிறகு அவர்களில் சிலர் வந்தார்கள், சனிக்கிழமைதோறும் உணவு வங்கியில் நிற்கும் எங்கள் ஆட்களுக்கு வரிசையை எப்படி வேகமாக நகர்த்துவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். புயலுக்குப் பின் மாதக்கணக்கில் வரிசை நடத்திய அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

2022 செப்டம்பர் 18 அன்று ஃபியோனா புயல் தீவின் தென்மேற்கு மூலையில் கரை கடந்தது; அன்று தீவு முழுவதும் மின்சாரம் போனது. செய்தி கேட்டதும் எங்கள் பிள்ளைகள், அதற்குள் கல்லூரிக்குப் போய்விட்டவர்கள், தாங்கள் பூசிய கூரைகளைப் பற்றித்தான் விசாரித்தார்கள். போதகர் அம்மா அனுப்பிய குரல் செய்தியில் ஒரு வீட்டைத் தவிர மற்றவை ஒழுகவில்லை என்றார். அந்த ஒரு வீட்டிலும் வடிகால் துளை அடைத்ததே காரணம் என்று மேஸ்திரி சொன்னதாகவும் சேர்த்துச் சொன்னார். அத்தகைய பூச்சுக்கு ஆயுள் சில ஆண்டுகள்தாம். வெயிலும் உப்பும் அதைத் தின்றுவிடும், மறுபடி பூசியாக வேண்டும். அதனால் இப்போது எங்கள் சபை மிஷன் பணத்தில் பெரும்பகுதியை வாளிகளுக்கும் உள்ளூர் ஆட்களின் கூலிக்குமாக நேரடியாக அங்கே அனுப்பிவிடுகிறது. மீதமுள்ள தொகையில் நான்கைந்து பேர் மட்டும், அவர்கள் அழைக்கும் மாதத்தில், போய் மேஸ்திரியின் கீழ் வேலை செய்துவிட்டு வருகிறார்கள். அடுத்த குழுவில் போக விரும்புகிறவர்கள் வாலிபர் ஐக்கியச் செயலரிடம் பெயர் கொடுக்கலாம். கறுப்புக் கண்ணாடி அவரவர் கொண்டுவர வேண்டும்.